ஸ்டீவ் ஐசர்மேன் எப்போதாவது லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரராக இருந்தாரா?

சிவப்புச்சக்கரம்:

ஐஸ் ஹாக்கி வீரர் மெக்டேவிட் பற்றிய இழையில் பேச்சு திசைமாறி, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் பழைய கேப்டன் ஐசர்மேன் பக்கம் போய்விட்டது. அங்கே ஒருவர், “ஐசர்மேன் அருமையான கேப்டன். ஆனால் லீக்கிலேயே சிறந்தவராக ஒருநாளும் இருந்ததில்லை” என்று எழுதினார். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அதனால் தனி இழை.

1988-89 சீசனை எடுத்துக்கொள்கிறேன். 80 ஆட்டம், 65 கோல், 90 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), இரண்டையும் கூட்டி மொத்தம் 155 பாயின்ட். கிரெட்ஸ்கியையும் லெமியூவையும் விட்டால், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றில் ஒரே சீசனில் 155 எடுத்தவர் வேறு யாருமே இல்லை. 1970-71ல் எஸ்போசிட்டோ 152 எடுத்தார். 2022-23ல் மெக்டேவிட் 153 வரை வந்தார். ஐசர்மேன் அந்த வருடம் இடையில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் ஒன்றுகூட விடாமல் பாயின்ட் எடுத்திருக்கிறார்.

சீசன் முடிந்ததும், வீரர்களே ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் லெஸ்டர் பி. பியர்சன் விருது இவருக்குத்தான் போனது. 1982 முதல் 1988 வரை ஏழு வருடமும் அது கிரெட்ஸ்கி, லெமியூ இருவரையும் தாண்டி வெளியே போகவே இல்லை. அந்த வரிசைக்கு நடுவே புகுந்த முதல் ஆள் ஐசர்மேன். எதிரே நின்று ஆடியவர்களே இவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, “ஒருநாளும் இல்லை” என்று எப்படிச் சொல்ல முடியும்?

பென்குவின்66:

நல்ல இழை. ஆனால் அதே சீசனில் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணியின் மாரியோ லெமியூ எடுத்தது 199 பாயின்ட். அதுவும் 76 ஆட்டத்தில். 85 கோல், 114 அசிஸ்ட். ஐசர்மேனை விட நான்கு ஆட்டம் குறைவு, 44 பாயின்ட் அதிகம். இரண்டாவது இடத்தில் கிரெட்ஸ்கி 168. ஐசர்மேன் மூன்றாவது.

1988 டிசம்பர் 31 அன்று நியூஜெர்சிக்கு எதிராக லெமியூ ஐந்து கோல் போட்டார். ஐந்தும் ஐந்து விதம். சம பலத்தில் ஒன்று, எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் பவர்பிளேயில் ஒன்று, ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, பெனால்டி ஷாட்டில் ஒன்று, காலி வலைக்குள் ஒன்று. ஆள் குறைவாக இருந்த நேரத்தில் மட்டும் அந்த சீசன் முழுவதும் 13 கோல். அந்தச் சாதனை இன்றுவரை நிற்கிறது.

விருது ஒரு சாட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்து வருட முடிவில் வந்த ஆல்-ஸ்டார் அணியைப் பாருங்கள். முதல் அணியின் சென்டர் லெமியூ, இரண்டாவது அணியின் சென்டர் கிரெட்ஸ்கி. ஐசர்மேனுக்கு இரண்டிலும் இடமில்லை. தன் இடத்திலேயே மூன்றாவதாக நின்றவரை லீக்கிலேயே முதல் ஆள் என்று எப்படிச் சொல்வது?

கோவை_கோலி:

இரண்டு வருடமாகத்தான் ஐஸ் ஹாக்கி பார்க்கிறேன், அதுவும் பெரும்பாலும் ஹைலைட்ஸ். ஒரு சந்தேகம். லெமியூ 199 எடுத்த வருடத்தில் ஹார்ட் டிராஃபி கிரெட்ஸ்கிக்குப் போயிருக்கிறது, பியர்சன் ஐசர்மேனுக்குப் போயிருக்கிறது. ஒரே சீசனில் மூன்று பேரா? யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

நீலக்கோடு:

கோவை_கோலி, நீங்கள் கேட்டதுதான் இந்த விவாதத்தின் அடிப்படையே.

ஆர்ட் ராஸ் டிராஃபியில் ஓட்டே கிடையாது. அதிக பாயின்ட் எடுத்தவருக்கு அது. லெமியூ வாங்கினார். ஹார்ட் டிராஃபி பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவது; “தன் அணிக்கு மிகவும் மதிப்புள்ள வீரர்” என்பது அளவுகோல். 1988 ஆகஸ்டில் கிரெட்ஸ்கி எட்மண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தார். முந்தைய சீசனில் லீக் பட்டியலில் 68 புள்ளி எடுத்திருந்த அந்தக் கிங்ஸ் அணி அந்த வருடம் 91 புள்ளிக்கு ஏறியது. ஓட்டுப் போட்டவர்கள் அந்த மாற்றத்துக்குப் பரிசு கொடுத்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். லெமியூ இரண்டாவது, ஐசர்மேன் மூன்றாவது. பியர்சன் என்பது வீரர்கள் சங்கத்தின் விருது. இப்போது டெட் லிண்ட்சே விருது என்று பெயர். (லிண்ட்சேயும் டெட்ராய்ட்காரர்தான், வீரர்களுக்கென்று முதலில் ஒரு சங்கம் உருவாகப் பாடுபட்டவர்.)

இனி ஒரு கணக்கு. அந்த சீசனில் தங்கள் அணி போட்ட மொத்த கோல்களில் இவர்கள் எத்தனையில் கைவைத்தார்கள் என்று பார்த்தால், லெமியூ 347ல் 199, அதாவது 57 விழுக்காட்டுக்கும் மேல். ஐசர்மேன் 313ல் 155, கிட்டத்தட்ட பாதி. கிரெட்ஸ்கி 376ல் 168, 45 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு.

ஆக, அணியைத் தன் தோளில் சுமந்தவர் யார் என்ற அளவில் ஐசர்மேன் கிரெட்ஸ்கியைத் தாண்டுகிறார். லெமியூவைத் தாண்டவில்லை.

சிவப்புச்சக்கரம்:

அந்தக் கணக்குக்கு நன்றி. ஆனால் கூட ஆடியது யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லெமியூவின் அணியில் பால் காஃபி இருந்தார். டிஃபென்ஸ்மேனாக ஆடியே 113 பாயின்ட் எடுத்தவர். ராப் பிரவுன் 115. கிரெட்ஸ்கி பக்கம் பெர்னி நிக்கோல்ஸ் 150 பாயின்ட், அதில் 70 கோல். டெட்ராய்டில் ஐசர்மேனுக்கு அடுத்தபடி ஜெரார்ட் கல்லன்ட் 93, அதற்குப் பிறகு ஆடம் ஓட்ஸ் 78. அவ்வளவுதான்.

இருவரும் உழைப்பாளிகள், அதில் குறை சொல்லவில்லை. கல்லன்ட் அந்த வருடம் இரண்டாம் ஆல்-ஸ்டார் அணியில் இடது விங்கராக வந்தார். ஐசர்மேன் பக்கத்தில் ஆடியவர் ஆல்-ஸ்டார், ஐசர்மேன் இல்லை! சென்டரில் அவ்வளவு நெரிசல். இடது விங்கராகப் பிறந்திருந்தால் ஐசர்மேன் பத்து வருடம் முதல் அணியில் உட்கார்ந்திருப்பார்.

பென்குவின்66:

ராப் பிரவுனை நீங்கள் எண்ணில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரவுன் 115 எடுத்ததே லெமியூ பக்கத்தில் ஆடியதால்தான். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதற்கு அருகில்கூட வரவில்லை. அதை லெமியூவின் கணக்கில்தான் எழுத வேண்டும். 1982க்குப் பிறகு பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகள்) பக்கமே போகாத அணி பிட்ஸ்பர்க். அந்த வருடம் லெமியூ அதை உள்ளே கொண்டுபோனார்.

டெட்ராய்ட் அந்த வருடம் எந்தப் பக்கம் போனது? 1987-88ல் 93 புள்ளி, அடுத்த சீசனில் 80. நாரிஸ் பிரிவில் முதலிடம்தான், ஆனால் அது பலவீனமான பிரிவு. பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே வெறும் 66 புள்ளி எடுத்த சிகாகோவிடம் 4-2 என்று தோற்றார்கள்.

சிவப்புச்சக்கரம்:

அந்தத் தொடரில் ஐசர்மேன் ஆறு ஆட்டத்தில் 10 பாயின்ட். தோற்றது அணி.

ஸ்காபரோ_மாமா:

தம்பிமார் இலக்கங்களை வைத்து நல்லாகக் கதைக்கிறீர்கள். அந்த நாளில் டெட்ராய்ட் எப்படி இருந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேணும்.

நான் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் சனி இரவு ஹாக்கி பார்க்காதவர் வேலைத்தலத்தில் கதைக்க ஆள் இல்லாமல் நிற்பார். அப்படித்தான் எனக்கு இந்த விளையாட்டு பிடிபட்டது. 1985-86ல் டெட்ராய்ட் 80 ஆட்டத்தில் 17 வெற்றி, 40 புள்ளி. லீக்கில் கடைசி. மேப்பிள் லீஃப்ஸ் ஆட்களே அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள் என்றால் யோசித்துப் பாருங்கோ. அடுத்த வருடம் ஜாக் டெமெர்ஸ் கோச்சாக வந்தார். 21 வயதுப் பெடியனைக் கூப்பிட்டு கேப்டன் ஆக்கினார். அடுத்தடுத்து 1987, 1988 இரண்டு வருடமும் அரையிறுதிவரை போனார்கள். இரண்டு முறையும் எட்மண்டன்தான் நிறுத்தியது.

1988 மார்ச் முதலாம் தேதி பஃபலோவோடு ஆடின ஆட்டத்தில் ஐசர்மேன் தன் 50வது கோலைப் போட்டார். அதே ஆட்டத்தில் கோல் கம்பத்தில் மோதி வலது முழங்கால் போய்விட்டது. 64 ஆட்டத்தில் 102 பாயின்ட் எடுத்திருந்த நேரம். அந்தக் கால் சரியாகி வந்து அடுத்த சீசனில் எடுத்ததுதான் நீங்கள் சொல்கிற 155. இதை மறக்காமல் கதைக்க வேணும்.

ஆனால் சிவப்புச்சக்கரம் தம்பி, ஒன்று உங்கள் பக்கத்துக்கு எதிராகவும் சொல்கிறேன். நாட்டு அணிகள் மோதுகிற 1987 கனடா கப்புக்கு மைக் கீனன் கனடா அணியைத் தெரிவு செய்தபோது ஐசர்மேனை வெட்டினார். சரி, அப்போது அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த ஆள் என்று விடலாம். 1991ல் திரும்பவும் அதே கீனன், திரும்பவும் வெட்டினார். 155 எடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. லீக்கில் முதலாவது ஆள் என்று எல்லோரும் நம்பியிருந்தால் அப்படி வெட்ட ஒரு கோச்சுக்குத் துணிவு வருமா?

சிவப்புச்சக்கரம்:

மாமா, 1991 விஷயம் எனக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைக் கீனனுடைய ரசனையாகத்தான் பார்க்கிறேன். மூன்றாவது, நான்காவது லைனில் எதிரணியை முட்டி மோதி அடக்கும் ஆட்களை வைக்க வேண்டும் என்பது அவர் வழி. முதல் இரண்டு சென்டர் இடம் போய்விட்டால், கோல் போடுகிற சென்டருக்கு அவர் அணியில் வேலை இல்லை. அது ஐசர்மேன் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்பதற்கான தீர்ப்பு அல்ல.

நீலக்கோடு:

ஒரு சோதனை செய்து பார்த்தேன். “கிரெட்ஸ்கியும் லெமியூவும் இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் ஐசர்மேன்தான் முதல் ஆள்” என்று ரசிகர்கள் அடிக்கடி சொல்வார்கள். உண்மையா? அந்த இருவரையும் பாயின்ட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மிச்சம் இருப்பவர்களில் யார் முதலிடம் என்று பார்ப்போம்.

1987-88: டெனி சவார்ட் 131. ஐசர்மேன் காயத்தோடு 102.
1988-89: ஐசர்மேன் 155. அடுத்து நிக்கோல்ஸ் 150.
1989-90: மெசியே 129. ஐசர்மேன் 127.
1990-91: பிரெட் ஹல் 131, அதில் 86 கோல். ஐசர்மேன் 108.
1992-93: லாஃபோன்டைன் 148, ஓட்ஸ் 142. ஐசர்மேன் 137.

இருவரையும் முழுக்க நீக்கிய பிறகும் ஒரே ஒரு வருடம்தான் முதலிடம் வருகிறது. அந்த ஒரு வருடத்திலும் ஐந்தே பாயின்ட் வித்தியாசம். ஆனால் அந்த ஐந்துக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். நிக்கோல்ஸ் முந்தைய சீசனில் 65 ஆட்டத்தில் 78 பாயின்ட் எடுத்தவர். கிரெட்ஸ்கி வந்து சேர்ந்ததும் 150. ஐசர்மேனுக்கு அப்படி யாரும் வந்து சேரவில்லை.

காலத்தையும் மனத்தில் வைக்க வேண்டும். 1988-89ல் ஓர் ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சராசரியாக 7 கோலுக்கு மேல் விழுந்தது. மெக்டேவிட் 153 எடுத்த சீசனில் அது 6க்குச் சற்று மேல். 155ஐயும் 153ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மெக்டேவிட் பக்கம்தான் கனம் அதிகம்.

எனக்குத் தோன்றுவது: ஐசர்மேனின் உச்சம் உண்மையானது, ஆனால் குறுகியது. மூன்று சீசன்.

மத்தியதளம்:

எல்லோரும் 1988-89ஐயே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். 1989-90ஐ யாரும் சரியாகப் பேசவில்லை. அந்த வருடம் ஐசர்மேன் 62 கோல். லீக்கில் ஹல் மட்டும்தான் அதற்கு மேலே, 72. லெமியூ முதுகு வலியால் 59 ஆட்டம்தான் ஆடினார். கிரெட்ஸ்கி 142 எடுத்தார். டெட்ராய்ட் நாரிஸ் பிரிவில் கடைசி இடம், பிளேஆஃப் இல்லை. அதனால் ஹார்ட் விவாதத்தில் அவர் பெயர் எடுபடவே இல்லை. மெசியேயும் பூர்க்கும் இரண்டே ஓட்டுப் புள்ளி வித்தியாசத்தில் மோதிக்கொண்ட வருடம் அது. அப்படி ஒரு கடைசி அணியில் நின்று 62 கோல் போடுவது எனக்கு 155ஐவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. “சிறந்தவர்” என்பதை ஏன் பாயின்ட்டோடு மட்டும் கட்டிப்போட வேண்டும்? 1993ல் ஸ்காட்டி போமன் டெட்ராய்டுக்கு வந்தார். ஐசர்மேன் தன் வலைப் பக்கமும் அதே அளவு ஆட வேண்டும் என்றார். 1995ல் அவரை ஒட்டாவாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுகூடப் பேச்சு பலமாக அடிபட்டது. 60 கோல் போட்டுப் பழகிய ஒருவர், முப்பது வயதில், தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். எதிரணியின் முதல் லைனை அடக்குவது, ஃபேஸ்ஆஃப் எடுப்பது, அடித்து வரும் ரப்பர் வட்டான பக்கின் குறுக்கே விழுவது எல்லாம் அவர் வேலை ஆயிற்று.

1998 பிளேஆஃபில் 22 ஆட்டத்தில் 24 பாயின்ட். வேறு எவரும் அவ்வளவு எடுக்கவில்லை. பிளேஆஃபின் மிக மதிப்புள்ள வீரருக்கான கான் ஸ்மைத் விருது. இறுதித் தொடரில் வாஷிங்டனை 4-0 என்று முடித்தார்கள். அந்த இரண்டு மாதம் உலகத்தில் அவரைவிட நல்ல ஹாக்கி வீரர் யார் என்று கேட்டால் என்னிடம் வேறு பெயர் இல்லை.

அப்புறம் 1999-2000. வயது 34. முதல் ஆல்-ஸ்டார் அணி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக! சிறந்த தற்காப்பு முன்வரிசை வீரருக்கான செல்கி விருதும் அதே வருடம்.

பென்குவின்66:

மத்தியதளம், 1998 பற்றி நான் சண்டை போடமாட்டேன். ஆனால் 2000 ஆல்-ஸ்டாரை அவ்வளவு பெரிதாக்க வேண்டாம். அந்த சீசனில் அவருக்கு 79 பாயின்ட். ஃபோர்ஸ்பெர்க் காயத்தால் 49 ஆட்டம்தான் ஆடினார். சாகிக் 60 ஆட்டத்தில் 81 எடுத்தார். முழு சீசன் ஆடியிருந்தால் சென்டர் இடம் யாருக்குப் போயிருக்கும்? ஹார்ட், ப்ராங்கருக்குப் போனது. யாகர் 63 ஆட்டம் மட்டும் ஆடியே 96 பாயின்ட்டோடு ஆர்ட் ராஸ் வாங்கினார். ஐசர்மேன் அந்த வருடம் லீக்கில் முதல் ஆள் என்று அவர் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. டெட்ராய்ட் சட்டை போட்டு லீக்கிலேயே சிறந்தவராக இருந்தவர் ஒருவர் நிச்சயம் உண்டு: செர்கே ஃபெடரோவ். 1993-94ல் 56 கோல், 120 பாயின்ட். ஹார்ட், பியர்சன், செல்கி மூன்றும் ஒரே வருடத்தில். பத்திரிகையாளரும் வீரர்களும் ஒரே பெயரைச் சொன்னார்கள், தற்காப்புக்கும் அவர்தான் என்றார்கள். “லீக்கில் முதல் ஆள்” என்றால் எனக்கு இப்படி இருக்க வேண்டும். ஒரு விருதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டிய நிலை வரக்கூடாது. அந்த வருடம் ஐசர்மேன் காயத்தோடு 58 ஆட்டத்தில் 82 எடுத்தார். நல்ல எண்தான். ஆனால் அணிக்குள்ளேயே மூன்றாவது.

ஸ்காபரோ_மாமா:

ஃபெடரோவ் கதை சரிதான். அந்த ஒரு சீசன் அவர் ஆடினது போல ஐசர்மேன்கூட ஆடவில்லை என்று நானே சொல்வேன். தளத்தின் இரண்டு பக்கமும் அவர்தான் நின்றார். ஆனால் அந்த உயரம் அவருக்கு ஒரு வருடம். ஐசர்மேன் 1986ல் கேப்டன் பட்டை வாங்கி 2006ல் ஓய்வு பெறும்வரை கழற்றவில்லை. லீக்கில் ஒரே அணிக்கு அவ்வளவு காலம் வேறு ஒருவரும் கேப்டனாக இருந்ததில்லை. லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப் மூன்று. 1998ல் கப்பை வாங்கின கையோடு, விபத்தில் நடக்க முடியாமல் போன சக வீரர் கொன்ஸ்டான்டினோவின் சக்கர நாற்காலிக்குக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம்.

2002ல் வலது முழங்கால் முழுக்கப் போன நிலையில் சால்ட் லேக் சிட்டியில் ஒலிம்பிக் தங்கம். அதே காலோடு பிளேஆஃபில் 23 ஆட்டத்தில் 23 பாயின்ட். விழுந்தால் எழும்ப ஹாக்கி மட்டையை ஊன்றி எழும்புவார். இதெல்லாம் “சிறந்தவர்” என்ற கேள்விக்குப் பதில் ஆகாது, தெரியும். ஆனால் ஃபெடரோவை ஏன் ஒரு வருடத்தோடும் ஐசர்மேனை ஏன் இருபது வருடத்தோடும் சனங்கள் நினைக்கிறார்கள் என்பதற்குப் பதில் ஆகும்.

கோவை_கோலி:

படித்துக்கொண்டே இருக்கிறேன், ரொம்ப நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. 199க்கு எதிராக 155. இவ்வளவு இடைவெளி இருந்தும் வீரர்கள் ஏன் ஐசர்மேனுக்கு ஓட்டுப் போட்டார்கள்?

சிவப்புச்சக்கரம்:

கோவை_கோலி, யார் மனத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் என் எண்ணம் இது.

லெமியூவின் 85 கோலில் 31 பவர்பிளேயில் வந்தது. அதில் இழிவு ஒன்றும் இல்லை, அதுவும் ஆட்டம்தான். ஆனால் பிட்ஸ்பர்க்கோடு ஆடும்போது “பெனால்டி வாங்காதே, திறந்த ஆட்டம் ஆடாதே” என்று ஒரு திட்டம் போடலாம். பலிக்காமல் போகலாம், ஆனால் திட்டம் என்று ஒன்று உண்டு. டெட்ராய்டோடு ஆடும்போது ஐசர்மேனுக்கு எதிராக ஒரு அணி தன் சிறந்த டிஃபென்ஸ் ஜோடி, சிறந்த தற்காப்பு சென்டர் எல்லாவற்றையும் அவர்மேல் மட்டும் போட முடியும். வேறு யாரைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். அப்படிப் போட்டும் அவர் 155 எடுத்தார். நடுத்தளத்தில் பக்கை எடுத்துக்கொண்டு வேகமாக வந்து, டிஃபென்ஸ்மேன் பின்னால் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே திசை மாற்றிவிடுவார். அவரைத் தடுத்து நின்று ஆடியவர்களுக்குத்தான் அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தெரியும். பியர்சன் ஓட்டு அவர்களுடையது.

பாயின்ட்டில் மூன்றாவது, ஹார்ட்டில் மூன்றாவது, ஆல்-ஸ்டாரில் இல்லை. பென்குவின்66 சொன்னது அத்தனையும் பதிவில் இருக்கிறது, நான் அதை மறுக்கவில்லை. நான் மறுப்பது “ஒருநாளும் இல்லை” என்ற சொல்லைத்தான். அந்த 28 ஆட்டங்களில் அவர் 29 கோல், 36 அசிஸ்ட். ஆட்டத்துக்கு இரண்டு பாயின்ட்டுக்கும் மேல். அந்த இரண்டு மாதமும், 1998 பிளேஆஃப் காலமும் அவருடையவை.

பென்குவின்66:

இரண்டு மாதம் என்றால் நான் தரத் தயார். 1998 பிளேஆஃபையும் தருகிறேன். 1988-89 சீசனை மட்டும் தரமாட்டேன், அது 66ஆம் எண் சட்டைக்காரரான லெமியூவுடையது. அந்த 28 ஆட்டத் தொடர் நடந்த அதே நாட்களில் லெமியூ என்ன செய்தார் என்பதை ஆட்டம் ஆட்டமாக எடுத்து வைக்கலாமா? நீலக்கோடு, உங்களால் முடியுமா?

நீலக்கோடு:

முடியும். பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். சம பலத்தில் வந்தது தனி, பவர்பிளே தனி, ஆள் குறைவில் வந்தது தனி. வார இறுதிக்குள் இங்கேயே போடுகிறேன்.